ஒரு சோறும் நாற்பது மூடையும்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது தமிழர் வழக்கிலுள்ள முதுமொழி. முழுவதையும் ஆராயாமல், அதன் சிறு கூறொன்றை ஆராய்ந்து முழுமையின் தன்மையைத் துணியலாம் என்ற கருத்தை அடுக்களை அனுபவத்திலிருந்தே அது எடுத்துரைக்கின்றது. இக்காலப் புள்ளிவிபரவியலார் மாதிரியெடுத்தல் என வழங்கும் துறையின் வித்து இதிலே கிடக்கின்றது என்பது மிகையாகாது. எனினும் இம்முதுமொழி ஒரு நிபந்தனையைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது. சோறு சமைப்பவள் அரிசியைக் களைந்து, ஒரே நீரிலிட்டு, ஒரே தீயிற் கொதிக்க வைத்து, அகப்பையால் அடிவரை துழாவிய பின்னரே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கின்றாள். பானை பெரிதாயினும் சிறிதாயினும் அவளுக்கு அந்த ஒரு பருக்கை போதும். அகப்பை படாத பானையில், அடி கருகியும் மேல் வேகாமலும் கிடக்கும் பானையில், ஒரு சோறு எதற்கும் பதமாகாது.

துழாவ முடியாத பானைகள் உலகிற் பல உண்டு. நெல் மூடைகளை ஏற்றி நிற்கும் உழவு இயந்திரப் பெட்டி அவற்றுள் ஒன்று.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதி வழியே செல்வோர் பம்பைமடுவைக் கடந்து பூவரசங்குளத்தை அடைவர். மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் இணைத்துத் தன் பெயராக்கிக் கொண்ட வன்னிக் கிராமங்களுள் அதுவும் ஒன்று. மாரி மழையைக் குளங்களிலே தேக்கி, அந்நீரைக் கொண்டு வயல் விளைவிப்பது வன்னிப் பெருநிலத்தின் தொன்மையான வாழ்முறை. வடகீழ்ப் பருவ மழையை நம்பிச் செய்யப்படும் காலபோகமே இங்கு பெரும்போகம். தை தொடங்கிப் பங்குனி வரை அதன் அறுவடை நிகழும். குளத்தில் நீர் எஞ்சினாற் சிறுபோகமும் உண்டு. அரிவாளால் அறுத்துச் சூடு வைத்து, பின்னர் சூடு மிதித்துத் தூற்றிய காலத்தில் நெல் தானாகவே உலர்வதற்கு அவகாசம் இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்துள் நெல்லைச் சாக்கிலிட்டுக் கொடுத்துவிடுகின்றது. வயலின் ஈரமும் நெல்லோடு கூடவே வந்துவிடுகின்றது. உலர்த்தும் தளம் போதாத இடங்களில் வீதியோரமே களமாக மாறுகின்றது. படங்கு விரித்து நெல்லைப் பரப்பி, காலால் உழக்கிப் புரட்டி, மாலையில் அள்ளிக் குவித்து மூடுகின்றனர். எதிர்பாராத இரவு மழையொன்று குவியலின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துவிட்டாற்கூட, மறுநாட் கட்டப்படும் மூடைகளுட் சில ஈரமாகவும் மற்றவை நன்கு உலர்ந்தும் இருக்கும். வெளியே சாக்குகள் யாவும் ஒன்று போலவே தோன்றும்.

இலங்கையில் நெல்லுக்கான உத்தரவாத விலைத் திட்டம் 1948 இல் தொடங்கியது. 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. 1990களில் முடங்கிப் பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிய அச்சபை, நெல்லைக் கொள்வனவு செய்யும்போது 14 வீத ஈரப்பதனை எல்லையாகக் கொள்கின்றது. இவ்வெல்லை மனம் போனவாறு வகுக்கப்பட்டதன்று. அதற்கு மேற்பட்ட ஈரத்துடன் அடுக்கி வைக்கப்படும் நெல் உயிர்ப்பினால் வெப்பமடையும்; பூஞ்சணம் பிடிக்கும்; அயலிலுள்ள உலர்ந்த மூடைகளையும் கெடுக்கும். எனவே வாயிலில் நின்று ஈரம் பார்ப்பவர் நாளை அந்தச் சோற்றை உண்ணவிருக்கும் மக்களின் சார்பிலேயே நிற்கின்றார்.

பூவரசங்குளத்துக் கமக்காரர் ஒருவர் 40 மூடை நெல்லைக் களஞ்சிய வாயிலுக்குக் கொண்டு வருகின்றார் எனக் கொள்க. மூடைக்கு 50 கிலோ எனக் கணித்தால் 2,000 கிலோ. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்தபடி நாட்டு நெல் ஒரு கிலோவுக்கு 120 ரூபா எனின், அந்தப் பெட்டியிலே 240,000 ரூபா இருக்கின்றது. உரக்கடைக் கடனும், அறுவடை இயந்திரக் கூலியும், அடகிலுள்ள நகையும், பிள்ளைகளின் படிப்புச் செலவும் அத்தொகையை எதிர்பார்த்து நிற்கின்றன. அலுவலர் கைக்கெட்டிய ஒரு மூடையைக் குத்தூசியாற் குத்தி, சிந்திய நெல்லை ஈரப்பதமானியில் இட்டுப் பார்க்கின்றார். மானி 17 எனக் காட்டுகின்றது. பெட்டி முழுவதும் திருப்பப்படுகின்றது.

"தம்பி, மற்றச் சாக்குகளையும் ஒருக்காக் குத்திப் பாருங்கோ" என்கின்றார் கமக்காரர்.

"ஐயா, ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதந்தானே" என்பது அலுவலரின் விடை.

இவ்விருவருள் எவர் பக்கம் நியாயம் உள்ளது? அலுவலருக்குப் பின்னால் இன்னும் இருபது பெட்டிகள் வரிசையில் நிற்கின்றன. மூடைதோறும் குத்திக்கொண்டிருந்தாற் பொழுது சாய்ந்துவிடும். கமக்காரருக்கோ, தம் உழைப்பு முழுவதும் ஒரே சாக்கைக் கொண்டு மதிப்பிடப்பட்டது என்ற மனக்குறை. இத்தகைய வழக்கைத் தீர்ப்பதற்கென்றே புள்ளிவிபரவியலில் ஒரு தனிக்கிளை வளர்ந்துள்ளது. அதனை ஏற்பு மாதிரிச் சோதனை என்பர். ஒரு தொகுதியை முற்றாகச் சோதிக்காது, சில அலகுகளை மட்டும் சோதித்து, அத்தொகுதியை ஏற்பதா மறுப்பதா எனத் துணிவதற்கான விதிகளை வகுப்பது அதன் பணி.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரல்ட் டொஜ், ஹரி ரோமிக் என்னும் இருவர் இதற்கு அடித்தளம் இட்டனர். அவர்களது முதன்மையான கட்டுரை 1929 இல் வெளிவந்தது. அவர்கள் கணித்த அட்டவணைகள் 1944 இல் நூலுருப் பெற்றன. தொலைபேசி உறுப்புகள் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகிய தொழிற்சாலையிற் பிறந்த முறை இது. எனினும் இதற்கு முன்னோடியான சிறுமாதிரிக் கோட்பாடு தானியத்தோடு தொடர்புடையது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. டப்ளின் நகரில் கின்னஸ் வடிசாலையிற் பணியாற்றிய வில்லியம் கொசெற், வாற்கோதுமை முதலிய மூலப்பொருள்களைச் சொற்ப மாதிரிகளைக் கொண்டு மதிப்பிட வேண்டியிருந்த நெருக்கடியிலிருந்தே தம் ஆய்வைத் தொடங்கினார். 'மாணவன்' என்ற புனைபெயரில் 1908 இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பல்கலைக்கழக வகுப்புகளிற் கற்பிக்கப்படுகின்றது.

ஏற்புச் சோதனையில் நேரத்தக்க தவறுகள் இரண்டு. நல்ல தொகுதி மறுக்கப்படலாம். தீய தொகுதி ஏற்கப்படலாம். முதலாவது தவறு நேர்வதற்கான நிகழ்தகவை உற்பத்தியாளர் இடர் என்றும், இரண்டாவதற்கான நிகழ்தகவை நுகர்வோர் இடர் என்றும் கூறுவர். முழுவதையும் சோதித்தாலன்றி இவ்விரண்டையும் அடியோடு நீக்குதல் இயலாது. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று ஏறும். இரண்டையும் ஒருங்கே குறைக்க வேண்டின் மாதிரியின் பருமனைக் கூட்ட வேண்டும். ஆகவே எந்தச் சோதனைத் திட்டமும், வெளிப்படையாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், இரு தரப்பினருக்குமிடையே இடரைப் பங்கிட்டே நிற்கின்றது. வாயிலில் நின்ற அலுவலர் அறிந்தோ அறியாமலோ அத்தகைய பங்கீடொன்றைச் செய்தார்.

அவருடைய பங்கீடு எத்தகையது என்பதைக் கணித்துப் பார்க்கலாம். 40 மூடைகளில் 2 மட்டும் ஈரமான பெட்டியை நல்ல பெட்டி என்று கொள்வோம். எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் அவ்வளவு தவறு நேரக்கூடும். அவ்விரண்டையும் பிரித்து உலர்த்திவிட்டால் தீங்கில்லை. 40 இல் 10 மூடைகள் ஈரமான பெட்டியைக் களஞ்சியத்திற்கு ஆகாத பெட்டி என்று கொள்வோம். ஒரே மூடையைக் குத்தி முடிவு செய்யும் முறையில் நல்ல பெட்டி திருப்பப்படும் வாய்ப்பு 5 வீதமே. ஆனால் ஆகாத பெட்டி தப்பி உள்ளே போகும் வாய்ப்பு 75 வீதம். அதாவது ஈர நெல்லைக் கொண்டுவருவோர் நால்வரில் மூவர் தடையின்றிச் செல்ல, நல்ல நெல்லைக் கொண்டுவந்த இருபதின்மரில் ஒருவர் வெறுங்கையோடு திரும்புவர். கண்டிப்பானது போலத் தோன்றும் இம்முறை மக்களின் களஞ்சியத்தையும் காக்கவில்லை. தவறாகத் திருப்பப்பட்டவருக்கு ஆறுதலும் அளிக்கவில்லை.

ஒரு மூடை போதாதெனின் ஐந்து மூடைகளைக் குத்தி, ஐந்தும் உலர்ந்திருந்தால் மட்டும் ஏற்கலாமே என்று தோன்றும். அவ்வாறு செய்தால் ஆகாத பெட்டி தப்பும் வாய்ப்பு 75 இலிருந்து 22 வீதமாக இறங்குகின்றது. ஆனால் நல்ல பெட்டி திருப்பப்படும் வாய்ப்பு 5 இலிருந்து 24 வீதமாக ஏறிவிடுகின்றது. எட்டு மூடைகளைக் குத்தினால் ஆகாத பெட்டி தப்பும் வாய்ப்பு 8 வீதத்திற்குக் குறையும். நல்ல பெட்டி திருப்பப்படும் வாய்ப்போ 36 வீதமாகும். 'ஓர் ஈர மூடையேனும் இருத்தலாகாது' என்ற விதியை வைத்துக்கொண்டு சோதனையைக் கூட்டக் கூட்ட, நேர்மையாக உழைத்தவரே அதிகம் தண்டிக்கப்படுகின்றார். கண்டிப்பும் நடுவுநிலைமையும் ஒன்றல்ல என்பதை இவ்வெண்கள் தெளிவுறக் காட்டுகின்றன.

இந்நிலையில் டொஜ்ஜும் ரோமிக்கும் போன்றோர் கையாண்ட ஏற்பு எண் என்ற கருத்து உதவுகின்றது. மாதிரியில் இத்தனை குறைபாடுகள் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே வகுப்பதே ஏற்பு எண். 13 மூடைகளை எடுத்துச் சோதித்து, அவற்றுள் ஈரமானது ஒன்றுக்கு மேற்படாவிடின் ஏற்பது என்று விதித்துப் பார்ப்போம். நல்ல பெட்டி திருப்பப்படும் வாய்ப்பு 10 வீதம். ஆகாத பெட்டி தப்பும் வாய்ப்பு 8 வீதம். இரண்டு இடர்களும் ஏறத்தாழச் சமமாகின்றன. ஒரு குறையைப் பொறுக்கின்ற விதி, எக்குறையையும் பொறாத விதியைக் காட்டிலும் இரு தரப்புக்கும் நன்மை பயப்பது வியப்பாகத் தோன்றலாம். மாதிரி பெரிதாகும்போது அதிற் சிறு குறை தென்படுவது இயல்பே என்பதை அவ்விதி கணக்கில் எடுத்துக்கொள்கின்றது. அதன் வலிமை அதிலேயே உள்ளது.

அலுவலகங்களில் வழங்கும் மற்றொரு விதியையும் இங்கு நோக்குதல் தகும். 'பத்துக்கு ஒன்று பார்' என்பது அது. எல்லோருக்கும் ஒரே வீதம் என்பதால் அது சமநீதியாகத் தோன்றும். 20 மூடை கொண்டுவருபவரிடம் 2, 40 கொண்டுவருபவரிடம் 4, 400 கொண்டுவருபவரிடம் 40 என எடுத்து, ஒன்று ஈரமாயினும் திருப்புவது என்று கொள்க. மூவருடைய நெல்லிலும் ஈர மூடைகள் இருபதுக்கு ஒன்று என்ற ஒரே அளவிலேயே உள்ளன. முதலாமவர் திருப்பப்படும் வாய்ப்பு 10 வீதம். இரண்டாமவருக்கு 19 வீதம். மூன்றாமவருக்கோ 88 வீதம். மறுபுறத்தில், நாலில் ஒரு பங்கு ஈரமான நெல்லை 20 மூடைகளாகக் கொண்டுவருபவர் தப்பிச் செல்லும் வாய்ப்பு 55 வீதம். அதே நெல்லை 400 மூடைகளாகக் கொண்டுவருபவர் தப்புவது அரிதினும் அரிது. ஒரே தரமான நெல்லுக்கு இத்தனை தீர்ப்புகள்! மாதிரியின் வலிமை பெரிதும் அதன் எண்ணிக்கையிலேயே தங்கியுள்ளது. முழுமையில் அது எத்தனையாவது பங்கு என்பது பெரும்பாலும் பொருட்டன்று. பானையின் பருமனை நோக்காது ஒரு பருக்கையை மட்டும் எடுப்பவள் இவ்வுண்மையைத் தன் அனுபவத்தால் அறிந்திருக்கின்றாள்.

13 மூடைகளைக் குத்துவது நீதியானதாயினும் வரிசையில் நிற்கும் இருபது பெட்டிகளை என் செய்வது? நேரம் இல்லாத அலுவலர் எந்த நல்ல திட்டத்தையும் கைவிட்டு ஒரே மூடைக்கு மீண்டுவிடுவார். ஆதலால் சிக்கனமும் நீதியின் ஒரு கூறேயாகும். இங்கு இரட்டை மாதிரித் திட்டம் பயன்படுகின்றது. முதலில் 8 மூடைகள் சோதிக்கப்படும். எட்டும் உலர்ந்தவையாயின் ஏற்றுக்கொள்ளப்படும். இரண்டு அல்லது அதற்கு மேல் ஈரமாயின் மறுக்கப்படும். ஒன்று மட்டும் ஈரமாயின் மேலும் 6 மூடைகள் சோதிக்கப்படும். அந்த ஆறும் உலர்ந்திருந்தால் ஏற்கப்படும். இத்திட்டத்தில் நல்ல பெட்டி திருப்பப்படும் வாய்ப்பு 10 வீதம். ஆகாத பெட்டி தப்பும் வாய்ப்பு 11 வீதம். முன்னைய திட்டத்தின் பாதுகாப்பு ஏறக்குறைய அவ்வாறே இருக்கின்றது. ஆனால் சோதிக்க வேண்டியவை சராசரியாகப் பத்து மூடைகளே. மூடைகள் யாவும் உலர்ந்திருக்கும் பெட்டிக்கு எட்டோடு சோதனை முடிந்துவிடும். ஐயம் உள்ள இடத்தில் மட்டும் உழைப்பைச் செலவிடுவதே இதன் நுட்பம்.

இந்நுட்பத்தை அதன் எல்லை வரை கொண்டு சென்றவர் ஏபிரகாம் வால்ட். 1902 இல் அன்றைய ஒஸ்திரிய ஹங்கேரியப் பேரரசிற் பிறந்து, வியன்னாவிற் கற்று, யூதர் என்ற காரணத்தால் 1938 இல் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது படைக்கலங்களைச் சோதிப்பது தொடர்பாக எழுந்த வினாவொன்றுக்கு விடை தேடுகையில், 1943 இல், தொடர்முறைச் சோதனையை வகுத்தார். எத்தனை அலகுகளைச் சோதிப்பது என்பதை முன்கூட்டி வரையறுக்காது, ஒவ்வொன்றையும் பார்த்தபின் சான்றினைத் தராசிலிட்டு, ஏற்பதா, மறுப்பதா, இன்னும் ஒன்றைப் பார்ப்பதா எனத் துணிவது அம்முறை. அவரது நூல் 1947 இல் வெளிவந்தது. இந்திய அரசின் அழைப்பின் பேரில் விரிவுரை நிகழ்த்தச் சென்றிருந்தபோது, 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் அவரும் அவர் துணைவியாரும் உயிர் நீத்தனர். உலகெங்கும் தொழிற்சாலைகளிற் பயன்படும் ஒரு முறையை ஆக்கியவரின் இறுதி தமிழகத்து மலையொன்றில் நிகழ்ந்தது.

வால்டின் தராசினைக் களஞ்சிய வாயிலுக்குக் கொண்டுவந்தால் முன்னைய வழக்கு தெளிவடைகின்றது. முதலிற் குத்திய மூடை ஈரமாயிருத்தல் நல்ல பெட்டியில் 5 வீதமும் ஆகாத பெட்டியில் 25 வீதமும் நிகழத்தக்கது. எனவே அந்த ஒரு மூடை, பெட்டி ஆகாதது என்ற பக்கத்திற்கு ஐந்து மடங்கு சாய்வைத் தருகின்றது. அலுவலர் ஐயுற்றதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பின் குத்தப்படும் ஒவ்வோர் உலர்ந்த மூடையும் தராசைச் சிறிது சிறிதாக மறுபுறம் சாய்க்கின்றது. ஆறேழு மூடைகள் தொடர்ந்து உலர்ந்திருப்பின் முதல் மூடை தந்த சாய்வு முற்றாக ஈடுசெய்யப்பட்டுவிடும். "மற்றச் சாக்குகளையும் ஒருக்காக் குத்திப் பாருங்கோ" என்ற கமக்காரர், கணிதம் கல்லாமலே, தமக்கு உரித்தான சான்றினைக் கேட்டார். அவர் கேட்டது சலுகை அன்று.

திட்டம் எவ்வளவு சிறப்பாக வகுக்கப்பட்டாலும் மூடைகளைத் தெரிவு செய்யும் முறை பிழைத்தால் மேற்கூறிய எண்கள் யாவும் பொருளற்றுப் போம். அவை எழுமாற்று மாதிரிக்கு மட்டுமே உரியவை. கைக்கெட்டிய மூடையைக் குத்துபவர் பெட்டியின் ஓரத்தை மட்டுமே அறிகின்றார். இதனை அறிந்த சிலர் நல்ல மூடைகளை ஓரத்தில் அடுக்குவர். அதனை அறிந்த அலுவலர் நடுவிலுள்ளதை இழுப்பார். இவ்வாறு ஐயம் ஐயத்தை வளர்க்கும். இதற்கு மாற்று எளிது. நிறுக்கும்பொருட்டு மூடைகள் எவ்வாறும் ஒவ்வொன்றாக இறக்கப்படுகின்றன. ஒன்று முதல் நாற்பது வரை எண்ணெழுதிய சீட்டுகளைக் கமக்காரர் முன்னிலையிற் குலுக்கி எடுத்து, அவ்வெண் வரும் மூடைகளை மட்டும் தராசடியிற் குத்தினால் மேலதிக உழைப்பு வேண்டியதில்லை. சோதனைக்குரிய மூடைகளில் இரண்டாவது ஈர மூடை தென்பட்டவுடன் இறக்குவதையும் நிறுத்திவிடலாம். சீட்டு எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. பானையைத் துழாவிய அகப்பையின் வேலையை இங்கு அந்தச் சீட்டே செய்கின்றது.

எதனைச் சோதிக்கின்றோம் என்பதும் தெளிவுபட வேண்டும். எல்லா மூடைகளிலுமிருந்து ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து ஈரம் பார்த்தால் சராசரி கிடைக்கும். விலையை நிர்ணயிக்க அது பொருத்தமானது. ஆனால் களஞ்சியத்திலே கெடுவது சராசரி நெல் அன்று. மூலையிற் கிடக்கும் ஈர மூடையே முதலிற் கெடுகின்றது. முப்பது உலர்ந்த மூடைகளோடு கலந்தபோது பத்து ஈர மூடைகளின் குறை மறைந்துவிடும். எனவே சேமிப்பை நோக்கமாகக் கொண்ட சோதனை மூடை மூடையாகவே அமைதல் வேண்டும். மேலும் ஈரப்பதமானி தருவது ஓர் எண். அதனை 'தேறியது', 'தேறாதது' என்று மட்டும் குறித்துக்கொண்டால், 13.9 உம் 11 உம் ஒன்றாகவே எண்ணப்படும். அளந்த எண்களின் சராசரியையும் பரம்பலையும் பயன்படுத்தும் மாறித் திட்டங்கள் சொற்ப மாதிரியிலேயே அதே பாதுகாப்பைத் தரவல்லவை. எனினும் அவை ஈரப்பதன் செவ்வன் பரம்பலைத் தழுவியது என்ற எடுகோளில் தங்கியுள்ளன. மழையில் ஒரு பகுதி மட்டும் நனைந்த குவியலில் அந்த எடுகோள் பொய்த்துவிடும். அட்டவணையைத் திறப்பதற்கு முன் வயலை அறிதல் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஒருவரது முன்னைய வரலாற்றையும் சோதனையிற் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. டொஜ் 1955 இல் வகுத்த சங்கிலி மாதிரித் திட்டத்தின்படி, மாதிரியில் ஒரு குறை தென்பட்டால், அதே வழங்குநரின் முன்னைய சில தொகுதிகளின் மாதிரிகள் குறையற்றிருந்தன எனில் மட்டும் ஏற்கப்படும். இத்திட்டங்களைத் தெரிவு செய்வதற்கான அட்டவணைகளை வி. சௌந்தரராஜன் 1978 இல் வெளியிட்டார். கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்தின் புள்ளியியற்றுறையில் ஏற்பு மாதிரித் திட்டங்கள் பற்றிய ஆய்வுகள் பலவாக வளர்ந்துள்ளன. தமிழர் இத்துறைக்குப் புதியவர் அல்லர். எனினும் சங்கிலித் திட்டம் தொடர்ந்து வழங்கும் தொழிற்சாலைக்கே பெரிதும் ஏற்றது. போகத்திற்கு ஓரிரு முறை மட்டும் வரும் கமக்காரருக்கு அத்தகைய சங்கிலி நீள்வதில்லை. அன்றியும், ஏட்டிற் பதியப்படாத 'நல்ல பெயர்' அறிமுகத்திற்கும் செல்வாக்கிற்கும் வழிவிடும். வரலாறு கணிக்கப்பட வேண்டுமாயின் அஃது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

மறுக்கப்பட்ட பெட்டிக்கு என்ன நேர்கின்றது என்ற வினா எஞ்சுகின்றது. டொஜ், ரோமிக் அட்டவணைகளில், மறுக்கப்பட்ட தொகுதி முழுவதும் சோதிக்கப்பட்டு, குறைபாடுடையவை நீக்கப்பட்டு, எஞ்சியவை மீண்டும் ஏற்கப்படும் ஏற்பாடு உண்டு. களஞ்சியத்திற்கும் அது பொருந்தும். மறுத்தவுடன் பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, ஈர மூடைகளைப் பிரித்தெடுத்து அருகிலுள்ள தளத்தில் உலர்த்த இடமளித்தால், உற்பத்தியாளர் இடர் 10 வீதம் என்பது உழவு இயந்திரக் கூலியாகவும், வழியிற் காத்து நிற்கும் வியாபாரி கேட்கும் குறைந்த விலையாகவும் மாறாது. பருக்கை வேகவில்லை என்று கண்டவள் பானையைக் கவிழ்ப்பதில்லை. இன்னும் சிறிது தீ எரிக்கின்றாள். அதே வேளையில், எந்தச் சோதனையும் ஒரு நெல்லையேனும் உலர்த்துவதில்லை என்பதையும் மறத்தலாகாது. குத்தூசிக்கு முன்னதாக உலர்த்தும் தளம் வேண்டும். தளங்கள் பெருகினால் ஆகாத பெட்டிகள் அருகும். சோதனையின் சுமையும் குறையும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, 10 வீதம் என்ற எண்ணை வகுப்பவர் யார்? நல்ல பெட்டியொன்று தவறாகத் திருப்பப்படுதல் பத்திலொரு முறை பொறுக்கத்தக்கதா, இருபதிலொரு முறையா என்பதற்குக் கணிதத்தில் விடை இல்லை. கணிதம் ஒவ்வொரு தெரிவின் விலையையும் சொல்லும். தெரிவினைச் செய்ய வேண்டியவர்கள் கொள்வோரும் கொடுப்போருமே. இன்று அந்தத் தெரிவு எவரும் அறியாமல், வரிசையின் நீளத்தினாலும் அலுவலரின் களைப்பினாலும் நிகழ்ந்துவிடுகின்றது. இழப்பு நேர்ந்த பின்னரும் அது விதியின் பயனா, தற்செயலா, பகையா என்று கமக்காரர் அறிய வழியில்லை. அறிய வழியில்லாத இடத்தில், நேர்மையான அலுவலர் மீதும் பழி விழுகின்றது.

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் வளாகம் அமைந்துள்ள பம்பைமடு, பூவரசங்குளத்திற்குச் செல்லும் அதே வீதியிலேயே உள்ளது. அறுவடைக் காலத்தில் மன்னார் வீதியாற் செல்லும் மாணவர்கள் வீதியோரத்திற் பரப்பிய நெல்லையும், அடுத்துக் கொட்டவிருக்கும் மழையை அஞ்சி வானத்தைப் பார்த்து நிற்போரையும் காண்பர். வகுப்பறையில் அவர்கள் வரையும் வளையிக்கு, நல்ல பெட்டி ஏற்கப்படும் வாய்ப்பையும் ஆகாத பெட்டி ஏற்கப்படும் வாய்ப்பையும் ஒரே கோட்டிற் காட்டும் அந்த வளையிக்கு, இவ்வீதியிலேயே பொருள் கிடக்கின்றது. எத்தனை மூடைகள் குத்தப்படும், அவை எவ்வாறு தெரியப்படும், எத்தனை ஈரமாயிருந்தாற் பெட்டி திரும்பும், திரும்பிய நெல்லை எங்கே உலர்த்தலாம் என்ற நான்கு செய்திகளையும் அவர்கள் கணித்துக் கொடுக்கக்கூடும். அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகையில் எழுதிக் களஞ்சிய வாயிலில் மாட்டுவதற்குப் பெரும் செலவு ஏற்படாது. பெட்டியைக் கொண்டுவருபவர் மூடைகளை இறக்குவதற்கு முன் அதனைப் படித்துக்கொள்வார்.